கடைசிக் காவல் சாவடிக்கு அரிசி போகும் வழி

தொலைதூர எல்லையில் நிற்கும் ஒரு படைப்பிரிவு அரைவயிற்றோடு நாளைக் கழிக்க நேரும்போது, நாட்டில் தானியம் இல்லாமையே அதற்குக் காரணமாக இருப்பது அரிது. களஞ்சியத்தில் அரிசி இருக்கும், அதை வாங்கப் பணமும் ஒதுக்கப்பட்டிருக்கும். ஆனால் கிடங்குக்கும் சாவடிக்கும் இடையே எங்கோ ஒரு கணவாய் மூடியிருக்கும், ஒரு டெண்டர் காலங்கடந்து முடிவாகியிருக்கும், அல்லது சுமந்து செல்லும் மாடோ வண்டியோ விமானமோ தான் கொண்டுசேர்ப்பதைவிட மிகுதியாகத் தானே தின்று தீர்த்திருக்கும். படைக்கு வேண்டிய உணவு, எரிபொருள், உடை, வெடிமருந்து ஆகியவற்றைத் திரட்டி, இருப்பு வைத்து, உரிய நாளில் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு முழுவதற்கும் வழங்கல் என்று பெயர். போர் வரலாறுகள் பசியை வீரர்களின் பொறுமைக்குச் சான்றாக எழுதிவிட்டு வழங்கலின் கணக்கை அடிக்குறிப்பில் ஒதுக்கிவிடுகின்றன என்பதால், யார் பசித்திருந்தார்கள் என்பது தெரியும் அளவுக்கு ஏன் பசித்திருந்தார்கள் என்பது பொதுமக்களுக்குத் தெரிவதில்லை.

விருதுநகர் வட்டாரத்துக்கு இந்தக் கணக்கு அந்நியமானதன்று. 1801இல் பாளையக்காரர் போர்கள் ஒடுக்கப்பட்டபின், கரிசல் காட்டின் ஊடாகப் பொதிமாடுகளிலும் வண்டிகளிலும் பருத்தி, புகையிலை, கருப்பட்டி ஆகியவற்றைக் கொண்டுசென்று விற்ற நாடார் வணிகர்கள், சிவகாசி, விருதுபட்டி என்ற பழம்பெயர் கொண்ட விருதுநகர், அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்களில் வேரூன்றிப் பேட்டைகளைக் கட்டினர். பேட்டை என்பது சரக்கும் மாடும் வண்டிக்காரரும் இரவில் அச்சமின்றித் தங்குவதற்கான, மதில் சூழ்ந்த வளாகம். வணிகர்கள் தம் சரக்கின் மீது தாமே விதித்துக்கொண்ட மகமை என்னும் சிறு வரி அதன் செலவுக்கும் ஊர்ப் பொதுக் காரியங்களுக்கும் உதவியது. மாடு ஒரு நாளில் எவ்வளவு தூரம் நடக்கும், எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கே திருட்டுப் பயம் உண்டு என்பவற்றை அறிந்து அமைத்த அந்த ஏற்பாட்டை, சீருடை இல்லாத ஒரு வழங்கல் தொடர் என்றே கொள்ளலாம். பருப்புக்கும் எண்ணெய்க்கும் வத்தலுக்கும் விருதுநகர்ச் சந்தை விலை நிர்ணயிக்கும் ஊராக வளர்ந்ததற்கு இந்தப் பேட்டைகள் இட்ட அடித்தளம் சிறியதன்று.

அதே மாட்டுவண்டிக் காலத்தில் தமிழகத்தின் படைகள் பட்ட பாடு வேறு. 1780இல் மைசூரை ஆண்ட ஹைதர் அலி ஆற்காடு சார்ந்த கர்நாடகப் பகுதிக்குள் படையோடு இறங்கி, ஆங்கிலக் கும்பினிப் படைக்கு ஒரு பிடி தீவனமும் கிடைக்காதபடி ஊர்களை எரித்துக் கால்நடைகளை ஓட்டிச் சென்றபின், உள்நாட்டில் தனித்து நின்ற வேலூர்க் கோட்டைக் காவற்படை அரிசிக்காகச் சென்னையை எதிர்நோக்கியிருந்தது. கும்பினிப் படைத்தலைவர் சர் அயர் கூட் 1781 நவம்பரிலும் 1782 ஜனவரியிலும் பெரும்படையோடு சென்று கோட்டைக்குள் அரிசி சேர்க்க வேண்டியிருந்தது. போதிய எருதுகளைச் சென்னை நிருவாகத்தால் திரட்டித் தர முடியாததால், வென்ற களத்திலிருந்துகூட எதிரியைத் துரத்திச் செல்ல முடியாமல் அவர் படை கடற்கரையை ஒட்டியே நடமாடியது. எருதும் உண்ணும், அதை ஓட்டுபவரும் உண்பார் என்பதால், ஒரு குறிப்பிட்ட தூரத்துக்கு மேல் தானியம் சுமக்கும் அணிவகுப்பு தன் சுமையையே தின்னத் தொடங்குகிறது. படைத்தலைவரின் திறமை எதுவாயினும் இந்த எல்லையை அவரால் தாண்ட முடியாது.

1751இல் கும்பினிப் படை உள்ளே சிக்கியிருந்த ஆற்காட்டு முற்றுகையின்போது, அரிசி குறைந்துபோன நிலையில் இந்தியச் சிப்பாய்கள் சோற்றை ஆங்கிலேயருக்குக் கொடுத்துவிட்டு வடித்த கஞ்சியைத் தாங்கள் குடித்தனர் என்றொரு கதை பின்னாளில் பெரும்புகழ் பெற்றது. அக்கதை உண்மையோ, பின்னர் சேர்த்த அலங்காரமோ, அது வசதியான கதை என்பதில் ஐயமில்லை. அரிசி ஏன் தீர்ந்தது என்று கேட்கவிடாமல், தீர்ந்தபின் யார் எவ்வளவு பெருந்தன்மையோடு நடந்துகொண்டார் என்ற வியப்பிலேயே அது கேட்பவரை நிறுத்திவிடுகிறது.

அளவு மட்டுமன்றி உணவின் வகையும் உயிரைத் தீர்மானிக்கும் என்பதற்கு முதல் உலகப் போரில் இன்றைய ஈராக்கின் குட் நகரம் சான்றாகிறது. 1915 டிசம்பர் 7 முதல் 1916 ஏப்ரல் 29 வரை துருக்கியப் படை அந்நகரை முற்றுகையிட்டது; உள்ளே சிக்கியிருந்தது பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்களைக் கொண்ட ஆறாவது பூனா டிவிஷன். ரேஷன் குறைந்ததும் குதிரைகளை வெட்டி இறைச்சி வழங்கினர். சமய வழக்கத்தால் இந்திய வீரர்களில் பலர் அதைக் கடைசி வாரங்கள் வரை தொடவில்லை, ஆகவே காய்கறியும் இறைச்சியும் இல்லாத அவர்களுக்கு ஸ்கர்வி என்னும் வைட்டமின் சி குறைபாட்டு நோய் வந்தது. வெள்ளை மாவு ரொட்டியை உண்ட ஆங்கிலேய வீரர்களுக்கோ வேறு நோய், பி1 வைட்டமின் இன்மையால் கால்களை முடக்கும் பெரிபெரி, வந்தது. முழுத்தானிய மாவை உண்ட இந்தியர்களை அது அணுகவில்லை. ஒரே மதிலுக்குள் ஒரே காலத்தில் இரண்டு தட்டுகள் இரண்டு நோய்களைத் தந்ததை மருத்துவர்கள் கண்கூடாகக் கண்டனர். விமானங்களிலிருந்து உணவு மூட்டைகளைப் போடும் முயற்சி அங்கேதான் பெருமளவில் முதன்முதலாக நடந்தது; வந்தது சில டன், வேண்டியதோ நாள்தோறும் பல டன். இறுதியில் ஏறத்தாழ 13,000 பேர் சரணடைந்தனர்.

தமிழர் நிலத்துக்கு மிக அருகிலான நிகழ்வில் குறைந்துபோனது உணவன்று, தண்ணீர். யாழ்ப்பாணக் குடாநாட்டை வன்னியோடு இணைக்கும் ஒடுங்கிய நிலத்தில் உப்புநீர்ப் பரப்புகளுக்கு நடுவே இருந்த ஆனையிறவுப் படைமுகாம், இயக்கச்சியின் நன்னீர்க் கிணறுகளையே பெரிதும் நம்பியிருந்தது. 2000 ஏப்ரலில் விடுதலைப் புலிகள் இயக்கச்சியைக் கைப்பற்றியதும், பீரங்கிகளோடு அரண்செய்த அம்முகாமில் ஆயிரக்கணக்கான இலங்கைப் படையினர் இருந்தும் அதைக் காக்க இயலாமற்போய், ஏப்ரல் 22 அன்று அது வீழ்ந்தது.

சுதந்திர இந்தியா இந்தப் பாடத்தை மிகக் கடுமையாகக் கற்ற இடம் இன்றைய அருணாசலப் பிரதேசத்தின் மேற்கு மூலையில் உள்ள நம்கா சூ ஆற்றங்கரை. 1962 செப்டம்பரிலும் அக்டோபரிலும் ஏழாவது காலாட்படைப் பிரிகேட் அந்தப் பள்ளத்தாக்குக்கு அனுப்பப்பட்டபோது, சாலை முடிந்த இடத்திலிருந்து பல நாள் நடைதூரத்தில், பலர் கோடைக்காலப் பருத்தி உடையோடும் கைவசம் இருந்த சொற்பத் தோட்டாக்களோடும் நிறுத்தப்பட்டனர். சாங்தார் என்னும் மேட்டில் விமானங்கள் மூட்டைகளைப் போட்டன; இடம் குறுகியது, மேகம் சூழ்ந்தது, போட்டவற்றில் பெரும்பகுதி மீட்க முடியாத பள்ளங்களில் உருண்டு விழுந்தது. கிடைத்ததைச் சுமந்து இறக்கப் போதிய சுமைகூலிகளும் இல்லை. அக்டோபர் 20 அன்று சீனப்படை தாக்கியபோது பிரிகேட் சில மணி நேரத்தில் சிதறியது. அதன் தளபதியாக இருந்து சிறைப்பட்ட பிரிகேடியர் ஜான் தால்வி பின்னர் எழுதிய ‘ஹிமாலயன் பிளண்டர்’ என்னும் நூலில் இந்த வழங்கல் சீர்கேட்டுக்குப் பெரும் இடம் உண்டு. அங்கே படையை நிறுத்தலாம் என்று தில்லியில் வரைபடத்தைப் பார்த்து முடிவெடுத்தவர்கள், அங்கே படைக்குச் சோறு போட முடியுமா என்பதை இரண்டாம் கேள்வியாகவே வைத்திருந்தனர் என்பது நிகழ்வுகளின் வரிசையைப் பார்த்தாலே விளங்கும்.

1984 ஏப்ரல் 13 அன்று ‘ஆபரேஷன் மேகதூத்’ என்னும் நடவடிக்கையால் இந்திய ராணுவம் சியாச்சின் பனியாற்றைக் கைக்கொண்டதும், வழங்கல் ஆண்டு முழுவதும் ஓயாத பணியாயிற்று. ஏறத்தாழ 76 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பனியாற்றின் அடிவார முகாம் சுமார் 12,000 அடி உயரத்திலும், வீரர்கள் ‘போஸ்ட்’ என்று அழைக்கும் காவல் சாவடிகளில் மிக உயர்ந்தவை 20,000 அடிக்கு மேலும் உள்ளன. குளிர்காலத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 50 பாகை வரை இறங்கும். பெரிய விமானங்கள் கீழ்ப்பகுதிகளில் மூட்டைகளை இறக்கும், அதற்கு மேல் சீட்டா என்னும் சிறு ஹெலிகாப்டரே துணை. காற்று மெலிந்த உயரத்தில் இறக்கைச் சுழலிக்குப் பிடிப்புக் குறைவதால், உச்சிச் சாவடிகளுக்கு அது ஒரு பறப்பில் கொண்டுசெல்லக்கூடியது சில பத்துக் கிலோ மட்டுமே. வானிலை கெட்டால் அதுவும் இல்லை. இருப்பில் உள்ளதைக் கொண்டு காலம் தள்ள வேண்டியதுதான்.

இருப்பில் உள்ளதைச் சமைப்பதும் எளிதன்று. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைந்து தண்ணீர் தாழ்ந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். 18,000 அடியில் அது ஏறத்தாழ 82 பாகை செல்சியஸ், அந்தச் சூட்டில் அரிசியும் பருப்பும் மணிக்கணக்கில் கிடந்தாலும் நன்றாக வேகா. பிரஷர் குக்கர் இல்லாமல் அங்கே சோறு இல்லை. குக்கருக்கு மண்ணெண்ணெய் வேண்டும், குடிக்கும் தண்ணீருக்கே பனிக்கட்டியை உருக்க வேண்டியிருப்பதால் அதற்கும் மண்ணெண்ணெய் வேண்டும். சூடான கல்லில் சுடும் சப்பாத்திக்கு இந்தக் கொதிநிலைத் தொல்லை இல்லை என்பதால், சோறே உணவு என்று வளர்ந்த தென்னாட்டு வீரர்களுக்குச் சிக்கல் சற்று மிகுதி. முட்டை கல்லாக உறையும், பழம் உறையும். இவற்றுக்கெல்லாம் மேலாக, உயரமே பசியைக் கொன்றுவிடுகிறது. நாளொன்றுக்கு 4,000 கலோரிக்கு மேல் தேவைப்படும் உடல் உணவைக் கண்டால் முகம் சுளிக்கிறது. எனவேதான் உயர்மலைப் படைகளுக்கு வழக்கமான ரேஷனுக்கு மேலாக, முந்திரி, பாதாம், சாக்லேட், டின்னில் அடைத்த பழம், பால் போன்றவை அடங்கிய தனி ரேஷன் அளவு வகுக்கப்பட்டுள்ளது. அதை ஆடம்பரம் என்று எண்ணுபவர் அந்தச் சமையலறையை நினைத்துப் பார்க்க வேண்டும்.

தென் தமிழகத்துக்குச் சியாச்சின் தொலைதூரச் செய்தியாக இல்லை. 2016 பிப்ரவரி 3 அன்று ஏறத்தாழ 19,600 அடி உயரத்திலிருந்த சோனம் சாவடியைப் பனிச்சரிவு மூடியபோது புதையுண்ட பத்துப் பேரும் 19ஆவது மெட்ராஸ் பட்டாலியனைச் சேர்ந்தவர்கள். நால்வர் தமிழகத்தினர், அவர்களுள் இருவர் விருதுநகரை அடுத்த மதுரை, தேனி மாவட்டத்தினர்.

சியாச்சினுக்குரியது உட்பட லடாக்கின் படைகளுக்கான உணவு எதுவும் முதலில் லே நகரை அடைய வேண்டும். ஸ்ரீநகரிலிருந்து 11,575 அடி உயரமுள்ள ஜோஜி லா கணவாய் வழியாக ஒரு சாலை, மணாலியிலிருந்து இன்னொரு சாலை. இரண்டும் நெடுங்காலமாக ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதம் பனியில் மூடிக் கிடந்தவை. ஆகவே கோடையின் சில மாதங்களுக்குள், குளிர்காலம் முழுமைக்கும் வேண்டிய அரிசி, மாவு, பருப்பு, எண்ணெய், சர்க்கரை, மண்ணெண்ணெய் யாவும் லாரி லாரியாக ஏறியாக வேண்டும்; இதனைக் குளிர்கால முன்னிருப்பு என்று ராணுவம் அழைக்கிறது. ஆண்டு முழுவதும் உழைத்துச் செய்த பட்டாசைத் தீபாவளி என்னும் ஒரே நாளுக்கு முன் நாட்டின் ஒவ்வொரு மூலைக்கும் அனுப்பியாக வேண்டிய சிவகாசிக்கு இந்த நாள்காட்டியின் நெருக்கடி நன்றாகவே புரியும்: நாள் கடந்து வரும் லாரி வந்தும் வராததே. ஆனால் விற்காத பட்டாசை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ள முடியும். கணவாய் மூடியபின் வந்துசேரும் பருப்பு மூட்டையோ கீழ்க்கிடங்கில் காலாவதி நாளை நோக்கிக் கிடக்கும்.

காலாவதி என்பது வெறும் அச்சமாக நின்றுவிடவில்லை. அரசின் வரவு செலவுகளைத் தணிக்கை செய்து நாடாளுமன்றத்துக்கு அறிக்கை அளிக்கும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், செய்தித்தாள்கள் சி.ஏ.ஜி. என்று சுருக்கும் அரசியல் சாசன அமைப்பு, ராணுவ ரேஷன் வழங்கலை ஆய்ந்து வெளியிட்ட 2010-11ஆம் ஆண்டின் அறிக்கையில், காலாவதியான பின்னும் 28 மாதம் வரை வைத்திருந்த பொருள்கள் வீரர்களுக்கு வழங்கப்பட்டதைச் சுட்டிக்காட்டியது. அரிசியும் கோதுமையும் இந்திய உணவுக் கழகத்திடமிருந்து வருகின்றன, பருப்பு, எண்ணெய், டின் பொருள் முதலியவற்றை ராணுவக் கொள்முதல் அமைப்பு மையமாக வாங்குகிறது, ஆர்மி சர்வீஸ் கோர் என்னும் வழங்கல் படை அவற்றைக் கிடங்குகளில் வாங்கி வைத்துப் பிரித்தனுப்புகிறது. இத்தனை கைகள் மாறும்போது, தேவையை ஓராண்டுக்கு முன்பே துல்லியமாகக் கணிக்காவிடில் ஒரு பக்கம் பற்றாக்குறையும் மறுபக்கம் பழைய இருப்பும் ஒன்றாகவே தோன்றும்.

2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மற்றொரு அறிக்கை, 2015-16 முதல் 2017-18 வரையிலான ஆண்டுகளில் உயர்மலைப் படைகளின் உடை, கருவி, உணவு, வீட்டுவசதி ஆகியவற்றை ஆராய்ந்தது. பனிக்கண்ணாடிகளில் 62 முதல் 98 விழுக்காடு வரை பற்றாக்குறை இருந்தது என்றும், 2015 நவம்பர் முதல் 2016 செப்டம்பர் வரை புதிய காலணி இன்றிப் பழையவற்றைச் செப்பனிட்டு வழங்க நேர்ந்தது என்றும் அது கூறிய செய்திகளே தலைப்புகளில் இடம்பெற்றன. அதைவிடக் கூர்ந்து படிக்க வேண்டியது உணவு பற்றிய பகுதி. தனி ரேஷனில் வகுத்த ஒரு பொருள் கிடைக்காதபோது அதற்கு மாற்றுப் பொருள் வழங்கலாம். ஆனால் மாற்றின் அளவு விலைக்கு விலை என்ற அடிப்படையில் கணக்கிடப்பட்டதால், வீரருக்குக் கிடைக்க வேண்டிய கலோரி அளவு சில நேர்வுகளில் 82 விழுக்காடு வரை குறைந்தது என்பது தணிக்கையின் முடிவு.

இந்த விலைக்கு விலை முறையின் விபரீதத்தை விருதுநகரின் எந்த எண்ணெய் வணிகரும் ஒரு நிமிடத்தில் விளக்கிவிடுவார். நிலக்கடலையும் பாதாமும் எடைக்கு எடை ஏறத்தாழ ஒரே அளவு ஆற்றலைத் தருபவை. எடுத்துக்காட்டுக்காக, பாதாமின் விலை கடலையின் விலையைப்போல் ஐந்து மடங்கு என்று கொண்டால், 100 கிராம் கடலைக்கு மாற்றாக அதே விலைக்கு வரும் பாதாம் 20 கிராம்தான். கணக்குப் புத்தகத்தில் இரண்டும் சமம், உடலிலோ ஐந்தில் ஒரு பங்கு ஆற்றலே சேரும். அரசுக்கு ஒரு காசும் நட்டம் வராதபடி காத்த அதே விதி, பனியில் நிற்கும் உடலின் கணக்கில் பெரும் பள்ளத்தை உண்டாக்கியது. இதில் எவரும் திருடவில்லை, எவரும் சட்டத்தை மீறவில்லை என்பதுதான் கவலைக்குரியது, ஏனெனில் திருட்டைப் பிடிக்க ஏற்பாடுகள் உண்டு, நல்லெண்ணத்தோடு எழுதிய தவறான விதியைப் பிடிக்கத் தணிக்கை அறிக்கை வரும் வரை காத்திருக்க வேண்டும். லே கிடங்கு ஒன்றில் வந்துசேராத பொருள்களே வீரர்களுக்கு வழங்கப்பட்டதாகப் பதிவாகியிருந்ததையும் அதே அறிக்கை குறித்தது. அதை இந்த நல்லெண்ணக் கணக்கில் சேர்க்க முடியாது. அறிக்கை பழைய ஆண்டுகளைப் பற்றியது, நிலைமை சீரடைந்துவிட்டது என்பது ராணுவத் தலைமையின் பதில்.

2017 ஜனவரியில் எல்லைப் பாதுகாப்புப் படை வீரர் ஒருவர் கருகிய ரொட்டியையும் நீர்த்த பருப்பையும் காட்டி வெளியிட்ட காணொளி நாடெங்கும் பரவியதும், படை அக்குற்றச்சாட்டை மறுத்ததும், ஏப்ரலில் அவர் பணிநீக்கம் செய்யப்பட்டதும் பலருக்கும் நினைவிருக்கும். அந்தப் படை உள்துறை அமைச்சகத்தின் கீழ் உள்ளது, அதன் கொள்முதல் ராணுவத்தினுடையதிலிருந்து வேறானது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பேசிய அன்றைய விவாதங்கள் வெளிச்சத்தைவிடப் புகையையே மிகுதியாக எழுப்பின.

தணிக்கை அறிக்கை வந்த சில மாதங்களிலேயே, 2020 ஜூன் 15 அன்று லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப்படையோடு மோதல் நடந்து, ராமநாதபுரம் மாவட்ட வீரர் ஒருவர் உட்பட இருபது பேர் இறந்தனர். லடாக்கில் வழக்கத்தைவிடப் பல்லாயிரம் வீரர்கள் மிகுதியாகக் குளிர்காலத்தைக் கழிக்க வேண்டியதாகிவிட, கணவாய்கள் மூடுமுன் மீதமிருந்த சில மாதங்களில் உணவும் எரிபொருளும் கூடாரமும் லாரிகளிலும் சரக்கு விமானங்களிலும் விரைந்து ஏற்றப்பட்டன. குளிர் உடைகளில் ஒரு பகுதி அமெரிக்காவிலிருந்து அவசரமாக வாங்கப்பட்டது. அந்தக் குளிர்காலத்தைப் படை கடந்தது. அவசரத்தில் விரைவாக முடிந்த கொள்முதல் அமைதிக் காலத்தில் ஏன் ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது என்ற கேள்விக்கு மட்டும் விடை வரவில்லை.

இப்போது வழங்கலின் சுமையைக் குறைக்கும் முயற்சிகள் பல முனைகளில் நடக்கின்றன. 1961இல் மைசூரில் தொடங்கிய பாதுகாப்பு உணவு ஆய்வுக்கூடம், சமைத்த உணவை உறையிலிட்டு மூடி வெப்பத்தால் கிருமி நீக்கி நெடுநாள் கெடாமல் வைக்கும் முறையைப் படைகளுக்காக வளர்த்தெடுத்தது. லேயில் உள்ள உயர்மலை ஆய்வு நிறுவனம் பசுமைக்குடில்களில் காய்கறி விளைவிக்கக் கற்றுத்தந்ததால், லடாக்கு உழவர்களே படைகளுக்குக் காய்கறி விற்கின்றனர். 2020 அக்டோபரில் திறந்த ஒன்பது கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை ரோஹ்தாங் கணவாயைத் தவிர்க்க உதவுகிறது, ஜோஜி லாவின் அடியிலும் சுரங்கம் குடையப்படுகிறது. அது முடிந்தால் லே வரையிலான முதற்பாதி நாள்காட்டியிடமிருந்து பெருமளவு விடுபடும். சியாச்சின் அடிவார முகாமிலிருந்து உச்சிச் சாவடி வரையிலான பிற்பாதியில், 1970களில் இந்தியாவில் செய்யத் தொடங்கிய சீட்டா ஹெலிகாப்டர்களே பல பத்தாண்டுகளாக ஒரு பறப்புக்குச் சில பத்துக் கிலோ என்ற கணக்கில் ஏறி இறங்கி வந்திருக்கின்றன. அவற்றின் இடத்தை நிரப்ப பெங்களூரின் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் இலகுரக ஹெலிகாப்டர் ஒன்றை உருவாக்கிச் சியாச்சின் உயரத்தில் சோதித்துள்ளது.